அறிக்கையில் என் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இந்தோனேசியாவில் ஒரு மாகாணத்தின் கிராம மருத்துவ நிலையங்களைப் போய்ப் பார்த்து வந்தேனே, அந்த அறிக்கை வெளிவந்துவிட்டது. பதினொன்றில் ஏழு பூட்டிக் கிடந்தன என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாம் திறந்திருப்பதாக அச்சாகியிருக்கிறது. மாற்றியவர் எங்கள் பேராசிரியர் ஜெயரட்ணம் அங்கிள். இங்கே ரோவில் புறநகரில் அவர் வீட்டில்தானே ஞாயிறுதோறும் சாப்பிடுகிறேன்! கேட்டதற்கு, "பிள்ளை, உள்ளதை எழுதினா மாகாண அலுவலகம் இனி எங்களை உள்ளுக்கை விடாது" என்று சோறு போட்டபடியே சொன்னார்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறுகளில் இனி நானே சமைக்கிறேன். கொஞ்சம் கறித்தூள் அனுப்புங்கள்.

அறிக்கையில் என் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறார். அப்பா அதை ஊரெல்லாம் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
சிவகௌரி