கரையான் தின்றது போக

இன்று காலை உங்கள் வீட்டம்மா கடைக்கு வந்து, ஒரு கோடு போட்ட நோட்டை என் மேசையில் வைத்தார். "கடைக்காரருகிட்டயே குடுத்துருன்னு சொல்லிட்டுத்தானுங்க கண்ண மூடுனாரு. நீங்க பத்திரமா வெச்சிருப்பீங்களாம்" என்றார். எனக்குக் காது சுட்டது. அவர் போனதும் பிரித்தேன். நெற்றியில் நீங்கள் தடவும் தைலத்தின் வாசம் தாளில் இன்னும் இருந்தது.

சூரமங்கலத்தில் நான் பழைய பேப்பர் கடை போட்ட புதிதில், டூட்டி முடிந்து கொடியும் கையுமாக வந்தீர்கள். கூட்ஸ் ரயிலில் கார்டு வேலை உங்களுக்கு. வந்ததும் என் கட்டுகளைக் கிளறினீர்கள். "ஏனுங்க, எடை போட்டதைக் கலைக்கறீங்க?" என்று கத்தினேன். "கலைக்கலீங்க. உசுரோட இருக்கறவங்கள வெளிய எடுக்கறேன்" என்றீர்கள். தமிழில் வந்த ருஷ்ய நாவல்களைத்தான் சொன்னீர்கள். எனக்கு அவை நல்ல கனமான காகிதம், அவ்வளவுதான்.

அப்புறம் வரும்போதெல்லாம் கதைதான். வாயில் நுழையாத பெயர்கள் என்று நான் கேலி செய்தால், "எருமப்பட்டின்னு அவங்களச் சொல்லச் சொல்லிப் பாருங்க" என்று என் ஊரை இழுப்பீர்கள். அந்தக் கதைகளில் தப்புச் செய்தவன், யாரும் கேட்காமலே ஒருநாள் வாய் திறந்துவிடுவான் என்றீர்கள். "அதெல்லாம் குளிர் நாட்டுக்குச் சரிங்க, நம்மூரு வெயிலுக்கு ஆகாது" என்று சிரித்தேன்.

ருஷ்யர்கள் பிரெஞ்சு, இங்கிலீஷ் கதைகளைப் படித்து எழுதினார்கள், அவர்களைப் படித்து நம்மவர்கள் எழுதினார்கள், எல்லாம் ஒன்றோடொன்று கோத்த பெட்டிகள் என்பது உங்கள் கட்சி. எந்தக் காட்சி எந்த நாட்டுக் கதையிலிருந்து ஏறியது, நம்மூரில் எங்கே வந்து இறங்கியது என்று பக்க ஓரங்களில் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதுவீர்கள். ரிட்டயரானதும் அதைப் புத்தகமாக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஒரே ஆசை.

மாற்றலாகிப் போனபோது, என்னிடம் வாங்கிய புத்தகங்கள் அத்தனையையும் இரண்டு சாக்கில் கட்டி என் குடோனில் வைத்தீர்கள். "எங்கூட்டுப் பொருளாட்டப் பாத்துக்கறேனுங்க" என்றேன்.

ஒருநாள் காகித மில்லுக்கு அனுப்பும் லோடில் எடை குறைந்தது. லாரி வாசலில் நின்றது. உங்கள் சாக்கை அவிழ்த்தது நானேதான், ஆள்மேல் பழி போட முடியாது. மில்லில் கெட்டி அட்டையை எடுக்க மாட்டார்கள். அதைப் பிய்த்துவிட்டுத் தாளை மட்டும் கட்ட வேண்டும். எதையும் பார்க்காமல் இரண்டு புத்தகத்தைப் பிய்த்தேன். மூன்றாவதில் உங்கள் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. இரண்டு போய்விட்டது, இனி என்ன என்று தோன்றியது. கை நிற்கவில்லை.

நீங்கள் திரும்பி வந்தபோது, "கரையான் அரிச்சிருச்சுங்க" என்றேன். சாக்கு இருந்த மூலையைப் பார்த்தீர்கள். பிறகு என் தோளைத் தட்டி, "நீங்க என்னங்க சாமி பண்ணுவீங்க. அதுவும் பசிக்குத்தான தின்னுச்சு" என்று சொல்லி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். வியாபாரத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த டீ மட்டும் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

நோட்டில் பதினோரு பக்கம்தான் எழுதியிருக்கிறீர்கள். பாதி இடங்களில் "இது மறந்துவிட்டது" என்று இருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே தலைப்பு: "கரையான் தின்றது போக, நினைவில் மீந்தது."

கரையான் என்ற சொல்லை அடித்து, மேலே என் பெயரை எழுதினேன். சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் வீட்டம்மா அதைப் படித்த பிறகும் என்னிடமே கொடுத்தால், பத்திரமாக வைத்திருப்பேன்.