மணல் இல்லாத கடல்தண்ணீர்

ஆரணி,
வைகாசி அமாவாசைக்கு மறுநாள்.

அன்புத் தம்பி கிரணுக்கு, அக்கா பூங்காவனம் எழுதுவது.

நீயும் தீபாவும் குழந்தையும் நல்லபடியாக இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இதற்கு மேல் எழுதப்போவது எதுவும் உனக்கு நல்லபடியாக இருக்காது. கவரைப் பிரித்தபோது கொஞ்சம் கீழே கொட்டியிருக்கும். அதைப் பெருக்கித் தள்ளாதே. படித்து முடித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்ததே இல்லை. கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேசைமேல் கிடக்கும்.

சித்திரை மாதக் கடைசியில் நீ போன் செய்து என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார். "அக்கா, நீ கடலையே பாத்ததில்ல. ஜல்தியா ரெடியாவு, சனிக்கிழமை கார்ல வந்து இட்டுகினு போறேன், பாண்டிச்சேரில நாலு நாள் ஜாலியா இருக்கலாம்" என்றாய். நாற்பத்து நாலு வயதில் ஒருத்தி கடலைப் பார்த்ததில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

தறியில் பாதிச் சேலை இருந்தது. கரை வேறு நிறத்தில் கோத்து நெய்கிற சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும் என்று உனக்குத் தெரியும். நீயும் இந்தத் தறிக்குப் பக்கத்தில் வளர்ந்தவன்தான். நான் நடுவில் நூல் சுற்றிய நாடாவை ஓட்ட, அந்தப் பக்கத்துக் கரையை என்னோடு கூட நெய்கிற சங்கீதா பார்த்துக்கொள்ள வேண்டும். நான் போனால் அவளுக்கும் நாலு நாள் வேலை இல்லை. ஆனாலும் அவள் முகம் சுளிக்கவில்லை. ஒரு காலி பாட்டிலைக் கொண்டுவந்து பையில் திணித்தாள். ஒரு மாதமாகத் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் இழை அறுந்துகொண்டே இருக்கிறது, யார் கண் பட்டதோ, கடல்தண்ணீர் கொண்டுவா, தறிக்குழியின் நாலு மூலையிலும் தெளிப்போம் என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அந்த நாலு நாளும் என்ன நடந்தது என்று நீயே சொல். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அறையில் இல்லை. காலையில் "வெயில் ஏறுது அண்ணி, புள்ளைக்கு ஆவாது, நீங்க ரூம்லயே இருங்க, சாயங்காலம் எல்லாரும் போலாம்" என்று தீபா சொல்வாள். சாயங்காலம் குழந்தை தூங்கும். தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்பாள். நீங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிடுவீர்கள். திரும்பி வரும்போது எனக்குப் பொட்டலத்தில் சுண்டல் வரும், ஆறிப்போய். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு நீலம் தெரியும். அது கடலா வானமா என்று நாலு நாளும் எனக்குச் சந்தேகம்.

தீபாமேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவள் வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. உன்மேல்தான் கோபம். ஒருமுறையாவது "நீ போய்ட்டு வாக்கா, நான் பாத்துக்கறேன்" என்று உன் வாயில் வந்ததா?

கடைசி நாள் கடற்கரை ரோட்டில் காரை ஐந்து நிமிடம் நிறுத்தினாய். குழந்தை என் மடியில் தூங்கியது. இறங்காதே, எழுந்துவிடுவான் என்றாய். நான் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எதிரில் ஒரு ஐஸ் வண்டி நின்றிருந்தது. நீ திரும்பி ஒரு போட்டோ எடுத்தாய். அதை ஸ்டேட்டஸில் போட்டு "அக்காவுக்குக் கடல் காட்டிய நாள்" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கே தெரு முழுக்கப் பார்த்துவிட்டது.

நீங்கள் என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போனதும் பையைத் திறந்தேன். பாட்டில் போனபடியே காலியாக இருந்தது. விடிந்தால் சங்கீதா வந்துவிடுவாள். ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம், என் தம்பி என்னைக் குழந்தை பார்க்கத்தான் கூட்டிப்போனான், கடலில் கால் வைக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் மானத்துக்காகத்தான். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, இரண்டு கை கல்லுப்பைப் போட்டுக் குலுக்கினேன். நெய்த சேலையில் ஒரு இழை தப்பினாலும் பிரித்து மறுபடி நெய்கிறவள் நான். நான் செய்த வேலையைப் பார்த்தாயா?

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். குழியின் நாலு மூலையிலும் தெளித்தாள். மிச்சத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் சாமி மாடத்தில் வைத்தாள். மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல், "ஏங்க்கா, பாட்டில் அடியில ஒரு பொட்டு மண்ணு கூட இல்லியே" என்றாள். நான் நாடாவை நிறுத்திவிட்டேன். நாலு நாளையும் சொல்லி அழுதேன். தெருவில் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை. வருகிற அமாவாசைக்கு நாமே போய்வருவோம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம்தான் உன் மெசேஜ் வந்தது. தறியை மூடிவிட்டு பெங்களூருக்கே வந்துவிடு, இத்தனை வருடம் உழைத்தது போதும், எங்களோடு இருந்து ரெஸ்ட் எடு என்று எழுதியிருந்தாய். ஆனி மாதம் தீபா ஆபீசுக்குத் திரும்புகிறாள் என்று சங்கீதாவின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் தீபாவின் ஸ்டேட்டஸையும் பார்க்கிறவள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். உன் ரெஸ்ட் எப்படி இருக்கும் என்று பாண்டிச்சேரியில் நாலு நாள் பார்த்துவிட்டேன்.

நான் வரமாட்டேன். பதில் இதுதான்.

அப்பாவும் அம்மாவும் போனபோது உனக்கு ஏழு வயது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், தம்பியும் கூட வருவான் என்றேன். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அதைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. சொல்லிக்காட்டுவதாக நினைத்தாலும் பரவாயில்லை. உன்னை நான் வளர்த்தேன், யாரும் என் மடியில் போட்டுவிட்டுப் போகவில்லை, நானே தூக்கிக்கொண்டேன். அந்த வித்தியாசம் உனக்குப் புரிய வேண்டும்.

நேற்று அமாவாசை. அமாவாசையில் நாம் தறியில் கை வைக்கமாட்டோமே, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. விடியற்காலை பஸ் பிடித்து சேத்துப்பட்டு, செஞ்சி, திண்டிவனம் என்று மாறி மாறிப் போனோம். பாண்டிச்சேரியில் சரியான வெயில். பாறை போட்ட கரையில் திதி கொடுக்கிறவர்கள் கூட்டம். அதைத் தாண்டி மணல் இருக்கிற பக்கம் நடந்தோம். முழங்கால் வரை போதும் என்று இறங்கினேன். பெரிய அலை ஒன்று வந்து என்னைக் குப்புறத் தள்ளியது. வாயெல்லாம் உப்பு. சங்கீதா கையைப் பிடித்துத் தூக்காமல் நின்று சிரிக்கிறாள். எழுந்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. உன்னை நாலு வார்த்தை திட்டினேன். சத்தமாகத்தான் திட்டினேன். அங்கே யாருக்கும் கேட்கவில்லை.

கொண்டுவந்த நிஜக் கடல்தண்ணீரை இன்று காலை நாலு மூலையிலும் தெளித்தோம். இழை இன்னும் அறுகிறதுதான். பாவே சரியில்லை என்று இப்போது சங்கீதா சொல்கிறாள்.

கீழே கொட்டியது என்ன என்று இப்போது தெரிந்திருக்கும். என் சேலை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு ஆரணி வரை வந்த மணல். அதைப் பொறுக்கி எடுத்துக் குழந்தையின் உள்ளங்கையில் கொஞ்சம் வை. வாயில் போட்டுக்கொள்வான், பக்கத்திலேயே இரு. அந்த ஊருக்குப் போய்க் கடலைப் பார்க்காமல் திரும்பியது நானும் அவனும்தான்.

அவனுக்கு ஒரு குறையும் வராமல் நூறு வயது இருக்கட்டும். அவனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் வா. வந்து, "அக்கா, கொஞ்ச நேரம் வெச்சிருக்கியா" என்று என்னைக் கேள். கேட்டுவிட்டுக் கொடு.

இப்படிக்கு,
உன் அக்கா
பூங்காவனம்