சொதியும் தண்ணீர்தான்

இன்று காலை பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய்ப்பால் சொதிக்குத் தேசிக்காய் பிழிந்திருக்கிறார்கள். வேலிக்கு மேலால் வந்த அந்த மணத்தில், அடுப்படியிலிருந்து இடியப்பத்தோடு நீர் வருவீர் என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நீர் போய் ஓராண்டாகிறது. நேற்றுத்தான் திவசம் முடிந்தது. அதில் நடந்ததை உமக்குச் சொல்லவேண்டும்போல் இருக்கிறது. போய்விட்ட மனைவிக்கு இப்படி எழுதுவது சரிதானோ தெரியவில்லை.

நீரிழிவுக்காகக் கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு நான் வீடு திரும்பிய நாட்கள் நினைவிருக்கும். முதலில் கஞ்சித் தெளிவு, பிறகு மசித்த பருப்பு, பிறகு மீன் என்று வைத்தியர் சொன்ன ஒழுங்கை அச்சொட்டாகக் கடைப்பிடித்தேன். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது என்றதையும்தான். அப்படியிருந்தும் இடியப்பம் தொடங்கிய அன்றே நெஞ்சை அடைத்து, வியர்த்து, கிணற்றடியில் ஓங்காளித்துக்கொண்டு நின்றேன். முதுகைத் தடவி உள்ளே கூட்டிவந்து, நீர் என் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்தீர். மிச்ச இடியப்பம் சொதியில் மிதந்தது.

"இஞ்சாருங்கோ, தண்ணி குடிக்கக் கூடாதெண்டு சொன்னவர் எல்லே?"

"தண்ணி குடிக்கேல்லையே. சொதிதானே விட்டனான்."

"சொதி என்ன, கல்லோ?"

நீர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்து, தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து சின்னக் கோப்பையில் முதலில் மீனோ முட்டையோ, பிறகு முருங்கையிலை வறை, கடைசியில் ஒரேயொரு இடியப்பம். "பல்லிருக்குத்தானே, சப்புங்கோ. ஆரும் துரத்தேல்லை" என்பீர். நான் முடிக்கும்வரை நீரும் உமது கோப்பையைச் சும்மா கிளறிக்கொண்டிருப்பீர்.

பின்னேரங்களில் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒடுங்கிய ஒழுங்கையால் நடப்போம். "என்ன மாஸ்டர், வத்திப்போனியள். ஏதும் வருத்தமோ?" என்று யாராவது கேட்டால் நான் நிலத்தைப் பார்ப்பேன். "சீனி வருத்தம் போனதாலை வத்தினவர்" என்று சொல்லிவிட்டு நீர் நடையைக் குறைக்காமல் போவீர். கலியாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான். என் இலைக்குக் கரண்டி வரும்போதெல்லாம், "அவருக்குக் காணும்" என்று எங்கிருந்தோ உமது குரல் கேட்கும். போதும் என்கிற அந்தச் சொல்லை நான் எனக்காகச் சொன்னதே இல்லை.

நீர் போனபின் அதைச் சொல்ல ஆளில்லை. சனம் அன்பாகக் கொண்டுவந்ததையெல்லாம் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டேன். ஒழுங்கையில் கேட்பவர்களுக்குப் பயந்து நடையையும் விட்டேன். உடல் நிறை ஏறியது, நீரிழிவும் திரும்பியது. போன கிளினிக்கில் வைத்தியர் ஏசவில்லை. "இப்பிடியே விட்டால் பழையபடி ஊசிதான், ஐயா. இன்னொருக்கா வெட்டவும் ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

நேற்று உமது தங்கை உமக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தாள். பிறகு என் இலையை நிறைத்தாள். நான் பருப்பும் கீரையும் கொஞ்சம் சோறும் சாப்பிட்டு நிறுத்தியபோது பாயசத்தோடு வந்து நின்றாள்.

"அக்காவுக்குப் படைச்சது, அத்தான். இதை வேண்டாமெண்டு சொல்லக் கூடாது."

உம்மையே வேண்டாம் என்பதுபோல் இருந்தது. ஆனாலும் கையை இலைக்குக் குறுக்கே வைத்தேன்.

"காணும், பிள்ளை."

அவளுக்குக் கேட்டதோ என்று சந்தேகமாக இருந்தது. அதனால் இன்னொரு தரம் சொன்னேன். "எனக்குக் காணும்."

முகம் கோணப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

"அக்காவே சொன்னமாதிரிக் கிடக்கு, அத்தான்."

இன்று பின்னேரம் நடக்கப் போகிறேன். கேட்பவர்களுக்கு என்ன சொல்வதென்று இன்னும் தீர்மானிக்கவில்லை. நிற்காமல், நடந்துகொண்டே சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியும்.