கியர் எண்ணெய் மாற்றியாகிவிட்டது

ஜெலுத்தோங்,
வெள்ளிக்கிழமை.

தனுஜாவின் அப்பாவுக்கு,

வணக்கம். நானும் தனுஜாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டுத்தான் எழுதத் தொடங்க வேண்டும். ஆனால் உங்கள் நலத்தை நானே கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் கேட்கவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. கடிதத்தை உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. தனுஜா கணக்கில் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறாள். இடைநிலைப் பள்ளி இரண்டாம் படிவத்தில் அவளுக்குத்தான் முதலிடம் என்று ஆசிரியை சொன்னார். கண்ணாடி போட வேண்டும் என்கிறார்கள், கரும்பலகை தெரியவில்லையாம். நம் புளோக்கில் லிப்ட் மறுபடியும் கெட்டுக் கிடக்கிறது. எனக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள். கருக்கலில் கிளம்பினால்தான் பாயான் லெப்பாஸ் போய்ச் சேர முடியும். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வீட்டில் நிற்கும் நம் மோட்டார் சைக்கிள் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போன வாரம் அழைத்தீர்கள். சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை, ஆயுத பூசைக்கு வர முடியாது என்றீர்கள். அதே மூச்சில், "கியர்பாக்ஸ் போச்சு சாந்தினி, அத வச்சு என்னா செய்யப் போற? பழைய ஆர்எக்ஸ்இசட் மோட்டாருக்கு இப்ப நல்ல மார்க்கெட்லா. நிபோங் திபால்லேருந்து ஒரு ஆள் லாரியோட வருவான், சாவியக் குடுத்துரு" என்றும் சொன்னீர்கள். நான் எதில் வேலைக்குப் போவேன் என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள்.

கியர் கடினமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியருக்கு ஓங்கி மிதித்தால்தான் போகும், சில நேரம் நடுவழியில் நழுவிவிடும். ஆனால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று யார் சொன்னது? எண்ணெயை மாற்றிப் பார்ப்போமே என்று தோன்றியது. பூசையும் வருகிறது. புது எண்ணெய் ஊற்றாத வண்டிக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்பது இந்த வீட்டில் நீங்கள் போட்ட சட்டம்தானே. வருடா வருடம் பூசைக்கு முதல் நாளும், நடுவில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவையும், கடல் பாலத்துக்கு அப்பால் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் உங்கள் கூட்டாளி தயாளன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவீர்கள். அங்கேதான் எல்லாச் சாமானும் இருக்கிறது என்பீர்கள். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவீர்கள், இரண்டு கையும் கறுப்பாக. சிங்கப்பூருக்குப் போன பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை. இரண்டு நாள் லீவில் வந்தாலும் ஒரு நாள் கியர் எண்ணெய்க்குப் போய்விடும்.

பூசைக்கு முதல் நாள் நானே செய்தேன். வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன், சிரிக்காதீர்கள். கடையில் கியர் எண்ணெயும் இரண்டு புது வாஷரும் வாங்கினேன். கீழ்வீட்டு ஹாஜரா அக்கா பழைய பேசின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இதெல்லாம் வொர்க்ஷாப்ல குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே சாந்தினி, ஒனக்கு ஏம்மா இந்த வேல" என்று முணுமுணுத்துக்கொண்டே குடை பிடித்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். எண்ணெய் வடிக்கிற போல்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அவ்வளவு சேறும் பிசுக்கும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன்.

துடைக்கத் துடைக்கச் சிவப்பாக ஒன்று தெரிந்தது. என் நகப்பூச்சு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. தனுஜா தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, ஒரே ஒரு தடவை இங்கே கீழ்த்தளத்தில் வைத்து எண்ணெய் மாற்றினீர்கள். நான்தான் பேசின் பிடித்தேன். போல்ட்டை இறுக்கிய பிறகு என் நகப்பூச்சைக் கேட்டு வாங்கி, போல்ட்டின் தலையில் தொடங்கி இஞ்சின் உடம்பு வரைக்கும் நேராக ஒரு கோடு போட்டீர்கள். போல்ட் கொஞ்சம் சுழன்றாலும் கோடு முறிந்துவிடும், கண்டுபிடித்துவிடலாம் என்று எனக்கு விளக்கம் வேறு சொன்னீர்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட வாங்கிய நகப்பூச்சு அது. வீணாக்குகிறீர்களே என்று சண்டை போட்டேன்.

அந்தக் கோடு முறியவே இல்லை. போல்ட்டிலும் இஞ்சினிலும் ஒரே கோடாக, நீங்கள் போட்டது போட்டபடி இருந்தது. நான்கு வருடமாக அந்த போல்ட்டில் யாரும் ஸ்பானர் வைக்கவில்லை.

எனக்கு உடனே புரியவில்லை. மண்டைக்கு ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஹாஜரா அக்கா என்னம்மா என்னம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போல்ட்டைத் திருகினேன், வரவில்லை. ஸ்பானரில் குழாயை மாட்டிக் காலால் மிதித்துத் திறந்தேன். வந்ததை எண்ணெய் என்று சொல்ல முடியாது. தார் மாதிரி ஒன்று, அதில் இரும்புத் தூள் மினுமினுத்தது. பழைய வாஷர் நசுங்கிக் காகிதமாகி இஞ்சினோடு ஒட்டிக் கிடந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். புது வாஷரைப் போட்டு, அளவாக இறுக்கி, மேல்மூடிக்கும் புதுசு போட்டு, எண்ணெய் ஊற்றினேன். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

கையைக் கழுவும்போதுதான் அழுகை வந்தது. சோப்பிலே சீனி கலந்து எத்தனை தடவை உங்கள் கையைத் தேய்த்துவிட்டிருப்பேன்? நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பழைய பிரஷ்ஷால் எடுத்துவிடுவேனே. பாவம், ஒரு நாள் பூராவும் குனிந்து வேலை செய்திருக்கிறாரே என்று முதுகுக்குத் தைலம் வேறு தேய்த்தேன். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னால் வாசலில் நின்று அந்தக் கறுப்பை நீங்களே பூசிக்கொள்வீர்களா, இல்லை பூசிவிடுவதற்கும் அங்கே ஆள் இருந்ததா?

தயாளனுக்கு அழைத்தேன். எத்தனை மில்லி எண்ணெய் ஊற்றுவீர்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் வாய் தவறி, "அண்ணே எங்க வீட்டுக்கு வந்தே வருசக் கணக்கா ஆச்சே அண்ணி" என்றுவிட்டார். பிறகு வேறு பேச்சுக்குத் தாவப் பார்த்தார். நான் போனை வைக்கவில்லை, விடாமல் கேட்டேன். கடைசியில், "எங்க ஊர்ல அந்தப் புதுத் தாமான் குடியிருப்புப் பக்கம் வருவாரு, மூல வீடு. என்னைய இதுல இழுத்துராதீங்க அண்ணி, ஒங்களுக்குப் புண்ணியமா போவும்" என்றார். அவரைத் திட்டாதீர்கள். உங்களைப் போலப் பொய் சொல்ல அவருக்கு வராது.

பூசையன்று வேலைக்கு லீவு போட்டு, தனுஜாவைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினேன். பாலத்தில் ஒரே காற்று. பயமாகத்தான் இருந்தது, இத்தனை தூரம் நான் ஓட்டியதே இல்லை. ஆனால் கியர் பூப்போல விழுந்தது. அதில் எனக்கு ஒரு வீம்பு கூட வந்தது, மறைக்க மாட்டேன்.

மூலை வீட்டு வாசலில் நீங்கள் கார் கழுவிக்கொண்டிருந்தீர்கள். லீவு கிடைக்காத மனிதர். காருக்கு மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றாள். நெற்றி அப்படியே உங்கள் நெற்றி. மூன்று வயது இருக்குமா? உள்ளேயிருந்து ஒரு பெண், சூடம் கொண்டு வரட்டுமா என்று கேட்டாள்.

நான் எதிர்ப்பக்கம் இஞ்சினை நிறுத்தாமல் நின்றேன். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியிருந்தேன். ஆனால் அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாதா? நிமிர்ந்து பார்த்தீர்கள். மோட்டாரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து, அந்தப் பிள்ளையின் கையிலிருந்த குழாயை வாங்கி, ஏற்கெனவே கழுவிய சக்கரத்தை மறுபடியும் கழுவினீர்கள். நீங்கள் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பதினாறு வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள், ஒரு வார்த்தைக்குக்கூட ஆகாதவளாகப் போய்விட்டேன்.

நான் சண்டைக்கு வரவில்லை, இனியும் வர மாட்டேன். இந்தக் கடிதத்தை உங்கள் சிங்கப்பூர் அறைக்குத்தான் அனுப்புகிறேன். அந்த வீட்டுக்கு அனுப்பினால் அவள் பிரித்துவிடுவாள். அவளிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறீர்களோ, அவளும் யாரையோ நம்பித்தானே சூடம் ஏற்றுகிறாள்.

லாரிக்காரர் நேற்று வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். மோட்டார் விற்பனைக்கு இல்லை. அதன் உரிமைப் பத்திரமான கிராண்ட் உங்கள் பெயரில் இருப்பதால்தானே நீங்கள் விற்கப் பார்க்கிறீர்கள்? அடுத்த லீவில் நேராக இங்கே வந்து, விரல் ரேகை வைத்து என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களிடம் எனக்காகக் கேட்பது இது ஒன்றுதான்.

தனுஜாவுக்காக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா உனக்காகத்தான் அங்கே கஷ்டப்படுகிறார் என்று நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறேன். பூசைச் சுண்டலில் உங்களுக்கென்று ஒரு டப்பா எடுத்து ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறாள். புளித்துவிட்டது, எறிய விடமாட்டேன் என்கிறாள். நான் அவளிடம் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் அம்மா கோபத்தில் சொல்கிறாள் என்பாள். நீங்களே வந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். குனிந்து வேறு எதையும் கழுவாமல் சொல்லுங்கள். அவளுடைய பரீட்சை முடிந்த பிறகு வாருங்கள்.

அந்தச் சின்னப் பெண் நன்றாக இருக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன், அவள் என்ன பாவம் செய்தாள்? நோய்நொடி இல்லாமல் வளரட்டும், நன்றாகப் படிக்கட்டும். கீழே ஏதாவது மோட்டார் சத்தம் கேட்டால் தனுஜா பாடத்தைப் போட்டுவிட்டு, அப்பா வந்துவிட்டாரா என்று ஜன்னலுக்கு ஓடுகிறாள், இந்த வயதிலும். அந்தப் பழக்கம் மட்டும் அந்தப் பிள்ளைக்கு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சாந்தினி