நாக்கின் அடியில் தெரிந்த கருமை

1. இதை எழுதுபவன்: நாரின் நகரத்து நோட்டரி, காலஞ்சென்ற சாதிபாயின் மூத்த மகன் ஜூமாகதிர். சுயநினைவோடும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன்.

2. பெறுபவள்: கடல் கடந்து இன்சோன் நகரில் கணவனோடு வசிக்கும் என் ஒரே மகள் கனிமெத்.

அன்பு மகளே, நீயும் மாப்பிள்ளையும் நலமென்று நம்பியே தொடங்குகிறேன். இங்கே உன் அம்மா பூபுஷ் நலம், சித்தப்பா தோகோன் நலம், என் நலத்தைக் குறித்தே இக்கடிதம். ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன, ஆற்றோரம் பனி கட்டத் தொடங்கிவிட்டது. சென்ற மாதம் சித்தப்பாவின் உதட்டில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. நாங்கள் இருவருமே வாலிபம் தொட்டு நாஸ்வாய்ப் புகையிலையை வாயில் அடக்குகிறவர்கள் என்பதால், அவனை வற்புறுத்திப் பல் மருத்துவர் சல்கினிடம் அழைத்துச் சென்றேன். அவர் புதிதாக ஒரு விளக்கு வரவழைத்திருக்கிறார். அறையை இருட்டாக்கி, நீல ஒளியை வாய்க்குள் பாய்ச்சி, நிறக் கண்ணாடி வழியே பார்க்கிறார். நலமான சதை அந்த ஒளியை வாங்கிப் பச்சையாக மிளிரும். கெட்ட இடம் மிளிராமல் கருத்து நிற்கும். சாதாரணப் புண்ணும் கருக்கக்கூடும், ஆகவே கருமை சந்தேகமே அன்றித் தீர்ப்பு அல்ல என்று அவரே சொன்னார். தோகோனின் வாய் முழுவதும் பச்சை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாண்ணே, நம்ம வாயி மேய்ச்சல் காடு! நீ உக்காரு, சட்டம் பேசிப் பேசி உன் வாயி கரியாப் போயிருக்கும்" என்று என்னை நாற்காலியில் தள்ளினான். நானும் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தேன். விளக்கு என் நாக்கின் அடியில், இடப்புறம், நின்றுவிட்டது. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்த தோகோன் சிரிப்பை நிறுத்தினான். மருத்துவர் அந்த இடத்தில் சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவை எவரும் என்னிடம் சொல்லவில்லை. நம் ஊரில் இந்த நோயின் பெயரை நோயாளியைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்வார்கள் என்பதை நீ அறிவாய். தொலைபேசியில் கேட்டதற்கு மருத்துவர், "உங்க தம்பிகிட்ட எல்லாம் சொல்லிட்டேங்கய்யா" என்று வைத்துவிட்டார். தம்பியோ, "வெறும் புண்ணுண்ணே, போய் வேலையப் பாரு" என்கிறான். ஆனால் தன் நாஸ்வாய்ப் பொட்டலத்தை அன்றே ஆற்றில் எறிந்துவிட்டான். ஒரு விசேஷமும் இல்லாமல் ஆடு அறுத்தான். எதற்கென்றால், உன் பயணம் நல்லபடியாக அமையவாம். நீ எங்கும் பயணம் போகவில்லை. "கெழவனுக்குத் தலை, எனக்கு எலும்பா" என்று, மூத்தவனுக்கே ஆட்டுத் தலை வைக்கும் ஒவ்வொரு விருந்திலும் வாயாடுகிறவன், அன்று தலைக்கறியைக் குழந்தைக்கு நறுக்குவதுபோல் நறுக்கி என் தட்டில் வைத்தான். உன் அம்மா உப்பைக் குறைத்துவிட்டாள். வாரம் ஒருமுறை அழைக்கும் நீ இப்போது தினமும் அழைத்து, "அப்பா, சூடா குடிச்சா எரியுதா?" என்கிறாய். எரிகிறதென்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை, மகளே.

நீங்கள் என்மீது கொண்ட அன்பை நான் ஐயுறவில்லை. என் அச்சம் வேறு. என்னைத் தலைநகர் பிஷ்கெக்கின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல இவர்கள் ஒரு பொய்க் காரணம் தேடுகிறார்கள். ஒருநாள் அங்கே நண்பர் வீட்டுத் திருமணம் என்றார்கள், பிறகு வண்டியை அங்கேதான் பழுதுபார்க்க வேண்டும் என்றார்கள். பொருத்தமான பொய் கிடைக்கும்வரை அந்தக் கருமை காத்திருக்காது. நேற்றுப் பத்திரம் வாசிக்கையில் என் நாக்கு ஒரு சொல்லில் இடறியது.

ஆகவே இக்கடிதத்தை உன் அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் உரக்க வாசித்துக் காட்டி, "இதுல எது பொய்யோ அதை அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லப்போகிறேன். நீ அங்கே குளிருக்குக் கம்பளி அணிய மறவாதே. பல்லில் சிறு வலி என்றாலும் தள்ளிப்போடாதே. இனி என்னிடம் எதையும் மறைக்காதே. உன் வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கவும் உன் மடி நிறைந்திருக்கவும் இறைவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு, உன் தந்தை,
சாதிபாய் மகன் ஜூமாகதிர்

மேற்கண்டதை வாசிக்கக் கேட்டுக் கையொப்பமிட்ட சாட்சிகள்:
தோகோன், தம்பி
பூபுஷ், மனைவி

அடித்தல் திருத்தல் ஏதுமில்லை. தோகோன் வண்டியை எடுக்கப் போயிருக்கிறான்.