பெரிலைத் தூக்க இரண்டு பேர்

ஹுவான் ஆற்றங்கரை, டாஸ்மேனியா
பிப்ரவரி 3, சனிக்கிழமை

என் சோம்பேறித் துடுப்புக்காரி கெரினுக்கு,

நீ வராத மூன்றாவது சனிக்கிழமை இது. பதினோரு மணி வரை படகுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெரிலைத் தண்ணீரில் இறக்க இரண்டு பேர் வேண்டும். படகுக்கு என் மாமியார் பெயரை வைத்தது தப்பே இல்லை. அவரும் தனி ஆளுக்கு அசைந்து கொடுத்ததில்லை.

போனில் கூப்பிடமாட்டேன். உன் போன் நீ வேலை பார்க்கும் ஹாஸ்பிஸில் சாகக் கிடப்பவர்களுக்குச் சொந்தம். இதைக் கொட்டகையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் வைக்கிறேன். என்றாவது இந்தப் பக்கம் வந்தால் படி.

ஆப்பிள் பறிப்பு தொடங்கிவிட்டது. முதுகு விட்டுப்போகிறது, சாப்பாடும் இறங்கவில்லை. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். மார்ச் கடைசியில் படகுப் போட்டி, ஞாபகம் இருக்கட்டும்.

கோபத்துடன்,
கிளெனிஸ்


பிப்ரவரி 7

அன்புள்ள கிளெனிஸ்,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வார்டில் இரண்டு நர்ஸ்கள் லீவு. என் புருஷன் டேரல், சால்மன் மீன் பண்ணை வேலைக்குப் போனால் பத்து நாள் வரமாட்டான். வீடும் டெஸ்ஸும் என் தலையில். வார்டில் இருந்தால் வீட்டு நினைப்பு. வீட்டில் இருந்தால் நாலாம் நம்பர் கட்டில்காரர் இன்னும் இருக்கிறாரா என்ற நினைப்பு.

ஹாக்கி அணியில் எடுக்கவில்லை என்று டெஸ் நேற்று அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். "அம்மா, அந்த வார்டு குரல்ல பேசாத! நான் ஒண்ணும் சாகப்போறதில்ல" என்று கத்திவிட்டாள். படகில் நான் பேசிக்காட்டி நாம் சிரிப்போமே, அதே வெண்ணெய்க் குரல்தான். பெற்ற பெண்ணிடமும் அதுதான் வருகிறது.

வேலை முடிந்து வந்தால், வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கென்று மிச்சம் அதுதான். மூச்சு முட்டுகிறது, கிளெனிஸ். துடுப்பைப் பிடிக்கும்போது மட்டும்தான் நான் யாருக்கும் நர்ஸும் இல்லை, அம்மாவும் இல்லை.

17ஆம் தேதி, வானமே இடிந்து விழுந்தாலும் வருகிறேன்.

உன்,
கெரின்


பிப்ரவரி 25

கெரின்,

சொன்னபடி வந்தாய். பாலம் வரைக்கும் என்னை விரட்டிக்கொண்டே போனாய். நன்றாக இருந்தது.

கரையேறியதும் வெயிலில் என் முகத்தைப் பார்த்தாய். என் கோட்டு ஜிப்பை நீயே மேலே இழுத்துவிட்டு, "கிளெனிஸ், சாப்பாடு எப்படி இறங்குது? வலி எந்த நேரத்துல ஜாஸ்தியா இருக்கு?" என்று கேட்டாய். அந்தக் குரலில் கேட்டாய். பதினோரு வருஷமாக அதைக் கேட்டுச் சிரித்தவள் நான், எனக்கா தெரியாது? கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் போனேன். கண்ணில் மஞ்சள் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் போய்விட்டது. வெள்ளிக்கிழமை அதைச் சொல்ல டாக்டர் ரொம்பச் சுற்றி வளைத்தார், பாவம். எனக்கு ஆறு நாள் முன்பே தெரியும்.

கிளெனிஸ்


மார்ச் 1

என் கிளெனிஸ்,

டப்பா முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன். அந்தக் குரல் வந்தது சத்தியமாக எனக்கே தெரியாது. என்னை மன்னித்துவிடு.

எங்கள் வார்டுக்கு வா. ஆனால் தலைமை நர்ஸ் ராபின் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒண்ணு அவங்களுக்கு நர்ஸா இரு, இல்ல பார்க்க வர்றவளா இரு. ரெண்டும் ஆகாது." நர்ஸாக இருந்தால் வாரத்தில் ஐந்து நாள் உன் பக்கத்தில் இருப்பேன். தோழியாக இருக்க எனக்கு ஒரு சனிக்கிழமைகூடக் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். நீயே சொல், நான் எதுவாக இருக்கட்டும்?

கெரின்


மார்ச் 3

அடி பைத்தியக்காரி,

என்னைக் குளிப்பாட்ட அங்கே ஆறு பேர் இருக்கிறார்கள். "ஏ கிழட்டு வாத்து, ஒழுங்கா இழு!" என்று திட்ட நீ ஒருத்திதான். அந்தக் குரலோடு என் கட்டில் பக்கம் வந்தாயானால் மருந்துத் தட்டைத் தூக்கி அடிப்பேன்.

எனக்குச் சனிக்கிழமை வேண்டும். அதை எங்கிருந்து எடுப்பாய் என்பது உன் பாடு.

கிளெனிஸ்


மார்ச் 7

ஏ கிழட்டு வாத்து,

சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "எத்தனை வாரத்துக்கு?" என்றார் ராபின். "இனிமே எப்பவுமே" என்றேன். முறைத்துவிட்டு எழுதிக்கொண்டார். டேரலிடம் ஷிப்ட் மாற்றிக் கேட்கச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே" என்கிறான். அறையலாம் போல இருந்தது. அவனையா, என்னையா என்றுதான் தெரியவில்லை.

பெரிலின் பின்பக்கம் மெத்தை போட்டிருக்கிறேன். டேரல் இறக்கித் தருவான், நான் இழுப்பேன், நீ உட்கார்ந்து அதிகாரம் பண்ணு. பத்து மணிக்கு வராவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

கெரின்


ஜூன் 1, சனிக்கிழமை

கிளெனிஸ்,

நமக்கு ஒன்பது சனிக்கிழமைகள் கிடைத்தன. போட்டியில் கடைசியாக வந்தோம். நீ என்னவோ ஜெயித்தவள் மாதிரி கரைக்குக் கையசைத்தாய்.

உன் கடைசி நாளில், பார்க்க வந்தவர்களின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ராபின் என் தோளைத் தொட்டு, "போய் ஒரு வாய் டீ குடிச்சிட்டு வாம்மா" என்றார். அந்தக் குரலில். எத்தனையோ பேரிடம் நானே சொன்ன வார்த்தை. வேண்டியவர்கள் எழுந்து போனால்தான் சிலர் போவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுந்து போனேன். டீ ஆறுவதற்குள் நீயும் போய்விட்டாய்.

சனிக்கிழமையை மறுபடி எடுத்துக்கொள்கிறாயா என்று ராபின் நேற்றுக் கேட்டார். முடியாது என்றேன். படகை இறக்கித் தரட்டுமா என்று டேரல் இன்று காலை கேட்டான். வேண்டாம் என்றேன். டப்பாவில் ஒன்றுமில்லை. பெரில் கவிழ்ந்து கிடக்கிறாள். நீ பிடிக்கும் பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை.

பதினோரு மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன், நீ எனக்காக உட்கார்ந்திருந்த மாதிரி.

உன்,
கெரின்