அட்டவணைக்கு வெளியே ஒரு எண்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து திண்டிவனத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், யாரோ கடலைப் பிண்ணாக்கு மூட்டையை என் காலடியில் வைத்தார்கள். அந்த மல்லாட்டை வாசனையில் உட்கார முடியாமல் வழியிலேயே இறங்கிவிட்டேன்.

எண்பதுகளின் கடைசியில், விழுப்புரத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் நாம் இருவரும் எண்ணெய் மில் இயந்திரங்களுக்குப் புரோகிராம் செய்துகொண்டிருந்தோம். குமிழை இன்ன எண்ணுக்குத் திருப்பினால் இன்ன வேலை என்று ‘ஸ்விட்ச்’ வரிகளை நீ எழுதுவாய். அவற்றை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்னுடையது. ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல், புரோகிராமில் போகவேண்டிய இடங்களின் முகவரிகளை ஓர் அட்டவணையில் அடுக்கி, எண்ணுக்குரிய முகவரிக்கு நேராகத் தாவும்படி செய்திருந்தேன். அதில் எனக்கு அப்படியொரு பெருமை.

“எண்ணு அட்டவணைக்குள்ள இருக்குதான்னு பாத்துக்கினு தாவச் சொல்லுடி. வெளிய போச்சுன்னா எங்க போய் வுழும்னே தெரியாது” என்றாய். அந்தச் சோதனையையும் எழுதினேன். ஆனால் திண்டிவனம் மில்லுக்குக் கொடுக்கவேண்டிய அன்று புரோகிராமைப் பதியும் சிப்பில் இடம் போதவில்லை. சோதனையை எடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

குமிழில் பத்து எண்கள், அட்டவணையில் ஆறுதான். மற்ற எதற்குத் திருப்பினாலும் மோட்டார் நிற்கவேண்டும் என்று நீ தெளிவாக எழுதியிருந்தாய். மில்லில் வேலை செய்த முனுசாமி அண்ணன் அதை நம்பி ஏழில் வைத்தார். எண் மாறும்போதெல்லாம் நிற்பதுபோல மோட்டார் ஒரு கணம் நின்றது. பிண்ணாக்கை எடுக்கக் கையை உள்ளே விட்டார். புரோகிராம் அட்டவணையைத் தாண்டி, அங்கே கிடந்த எதையோ முகவரியாக எடுத்துக்கொண்டு தாவியது. மோட்டார் மறுபடி ஓடியது. இரண்டு விரல்கள் போயின.

“யாரும்மா புரோகிராம் எழுதினது?” என்று நம் முதலாளி கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தாங்க” என்றாய். அன்றோடு உன் வேலை போயிற்று.

பஸ் ஸ்டாண்டில் சொன்னாய்: “சிப்புல இருக்கறதப் படிச்சுப் பாத்துட்டேன், அந்தச் சோதனை இல்ல. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன்டி.”

உன் பஸ் வந்ததும் ஏற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். நீ அதன்பின் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நான் அதே தொழிலில் பெரிய ஆளானேன்.

இன்று உன் வீட்டு வாசலில் முனுசாமி அண்ணன் உட்கார்ந்திருந்தார். “வருசா வருசம் வந்து பாத்துக்கினு போவும்மா அந்தப் பொண்ணு. என்னாலதான் ஆச்சு, மன்னிச்சுக்கங்கன்னு அழுவும்” என்றார்.

அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். அவர் திட்டவில்லை. “அந்தப் பொண்ணு உசுரோட இருக்கும்போதே சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இனி உன்னிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.